கிட்னி பாதித்தவர் எடையைக் குறைக்கலாமா? கொழுப்பு, தசை, உடற்பயிற்சி பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வியின் சுருக்கம்: 54 வயது ஆண். உயரம் 168 செ.மீ., எடை 86 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 104 செ.மீ. கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்றவேண்டிய கழிவு) 1.8, இஜிஎஃப்ஆர் (கிட்னியின் வடிகட்டும் திறன்) 44, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறது. சர்க்கரை நோய் இல்லை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. எடையைக் குறைக்கச் சொல்கிறார் மருத்துவர். ஜிம்முக்குப் போனால் கிரியேட்டினின் ஏறும் என்கிறார் நண்பர். கிட்னி நோயாளிகளில் குண்டானவர்கள்தான் அதிக நாள் வாழ்கிறார்கள் என்றும் எங்கோ படித்திருக்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

மருத்துவர் பேச்சைத்தான். ஆனால் "எடை" என்று அவர் சொன்னதை "வயிற்றுக் கொழுப்பு" என்று எடுத்துக்கொள்ளுங்கள். 86 கிலோவிலிருந்து 8 கிலோ குறைவது எளிது. அந்த எட்டில் நான்கு கிலோ தசையாகப் போய்விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். நாள்பட்ட சிறுநீரக நோயில் கொழுப்பும் தசையும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்கின்றன. எடைக் கருவியோ இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டுகிறது, போதாக்குறைக்கு உடலில் தேங்கிய நீரையும் அதிலேயே கூட்டிவிடுகிறது.

முதலில் கொழுப்பு. ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. உடல் பெருத்தால் அவற்றின் எண்ணிக்கை கூடாது, ஒவ்வொன்றின் வேலைதான் கூடும். வடிகட்டிக்குள் அழுத்தம் ஏறும், அது வீங்கிப் பெரிதாகும், நாளடைவில் அல்புமினைக் கசியவிட்டுத் தழும்பாகும். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் உடல் பருமன் ஒன்றே இந்தக் கேட்டைக் கொண்டுவரக்கூடும். வயிற்றுக்குள் குடலையும் கிட்னியையும் சுற்றிப் படியும் கொழுப்பு இன்னும் மோசம். அது கிட்னியை வெளியிலிருந்து அமுக்கும். உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோன்களைத் தூண்டி ரத்த அழுத்தத்தை ஏற்றும். இன்சுலினுக்கு உடல் சரியாகப் பணியாமல் செய்யும். தொடையிலும் பிட்டத்திலும் இருக்கும் கொழுப்பால் இவ்வளவு தொல்லை இல்லை. அதனால் எடையை உயரத்தோடு ஒப்பிடும் பிஎம்ஐயைவிட அளவுநாடாவை நம்புங்கள். உங்கள் பிஎம்ஐ 30.5, உலக அளவிலான உடல் பருமன் எல்லையான 30-ஐ இப்போதுதான் தாண்டியிருக்கிறது. வயிற்றுச் சுற்றளவோ உயரத்தில் பாதிக்குள், அதாவது 84 செ.மீ.க்குள் இருக்கவேண்டியது. 20 செ.மீ. கூடுதலாக இருக்கிறது.

அளப்பதில் பலரும் தவறுவார்கள். பேன்ட் கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பைக்குக் கீழே நாடா போய்விடும், எண் குறைத்துக் காட்டும். கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் பக்கவாட்டில் விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே, வெறும் தோலின் மேல், நாடா தரைக்கு இணையாக இருக்கும்படி சுற்றுங்கள். இயல்பாக மூச்சை வெளியே விட்டு முடித்த நொடியில் படியுங்கள். வயிற்றை எக்கக் கூடாது, நாடா தோலில் பதியும்படி இறுக்கவும் கூடாது. இரண்டு முறை அளந்து சராசரி எடுத்தால் போதும். கிட்னியில் நீர்க்கட்டிகள் பெருகி வயிறு பெருத்தவர்களுக்கும், வயிற்றுக்குள் திரவம் ஏற்றிச் செய்யும் வயிற்று டயாலிசிஸில் அந்தத் திரவம் உள்ளே இருக்கும்போதும் இந்த அளவு பொய் சொல்லும்.

"குண்டானவர் அதிக நாள் வாழ்கிறார்" என்ற செய்திக்கு வருவோம். அது கட்டுக்கதை அல்ல. ரத்த டயாலிசிஸில் இருப்பவர்களிடம் பிஎம்ஐ கூடியவர்கள் கூடுதல் காலம் வாழ்வதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் டயாலிசிஸில் மெலிந்திருப்பவர் எப்படி மெலிந்தார் என்று பார்க்கவேண்டும். பசியின்மை, அழற்சி, தொற்று, தசைக் கரைவு என்று நோய் தின்று மெலிந்தவர்கள்தான் அதிகம். அவர்களோடு ஒப்பிட்டால் பருமனானவர் மேலாகத் தெரிவது இயல்பே. பிஎம்ஐ கூடியவர்களில் தசை அதிகம் உள்ளவர்களும் கலந்திருப்பார்கள். ஒரே பிஎம்ஐ கொண்ட இருவரை எடுத்து வயிற்றுச் சுற்றளவைப் பார்த்தால் கதை மாறிவிடுகிறது: டயாலிசிஸிலும் பெரிய வயிறு உள்ளவருக்கே ஆபத்து அதிகம். இஜிஎஃப்ஆர் 44-இல் இருக்கும் நீங்கள் இதைச் சாக்காக வைத்துத் தொப்பையைப் பாதுகாக்க வேண்டியதில்லை.

இனி தசை. விஷயத்தின் முக்கியமான பாதி இதுதான், சாதாரண ஆலோசனைகளில் விட்டுப்போவதும் இதுதான். கிட்னி பழுதுபட்டால் ரத்தத்தில் அமிலம் சேரும், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் 22-க்குக் கீழே இறங்கும். இந்த அமிலத்தன்மை தசைப் புரதத்தை உடைக்கும் வேலையை முடுக்கிவிடும். அழற்சி, இன்சுலின் எதிர்ப்பு, பசிக்குறைவு, வைட்டமின் டி பற்றாக்குறை எல்லாம் கூடவே சேரும். ரத்தச்சோகையால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்குவதால் நடை குறையும், நடை குறைந்ததால் தசை இன்னும் கரையும். டயாலிசிஸ் நிலையில் ஒருவரின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன், அதே வயது ஆரோக்கியமானவருடையதில் ஏறத்தாழ பாதிக்கு இறங்கியிருக்கும். இந்தச் சரிவு டயாலிசிஸுக்கு வெகுமுன்னரே, நீங்கள் இருக்கும் மூன்றாம் நிலையிலேயே (இஜிஎஃப்ஆர் 30 முதல் 59 வரை) தொடங்கிவிடுகிறது. தொப்பை அப்படியே இருக்க, கைகால் மட்டும் சூம்பும் நிலைதான் இதில் மோசமானது. எடை மாறாததால் வீட்டில் யாருக்கும் தெரியவும் தெரியாது.

கிரியேட்டினின் இங்கே ஒரு விளையாட்டு காட்டும். அது தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்தால் கிட்னி கொஞ்சமும் தேறாமலே 1.8 என்பது 1.6 ஆகும், இஜிஎஃப்ஆர் ஏறியதாக அறிக்கை வரும். பட்டினி போட்டு எடை குறைத்தவர்கள் "கிட்னி சரியாகிவிட்டது" என்று மகிழ்வது பெரும்பாலும் இதனால்தான். எதிர்ப்பக்கமும் உண்டு: கட்டுமஸ்தானவருக்குக் கிட்னி நன்றாக இருந்தும் கிரியேட்டினின் சற்றுக் கூடுதலாக வரும். சந்தேகம் வந்தால் சிஸ்டாட்டின்-சி பரிசோதனையைக் கேளுங்கள். அது தசையை நம்பி இல்லை. ஆனால் உடல் பருமன், அழற்சி, தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து ஆகியவை அதையும் கொஞ்சம் நகர்த்தும். ஆகவே இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர்தான் இப்போதைக்கு நம்பகமானது.

தசையின் நிலையை வீட்டிலேயே பார்க்க ஒரு நாற்காலி போதும். கைப்பிடி இல்லாத, ஏறத்தாழ 45 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முழுதாக எழுந்து முழுதாக உட்காருவதை 5 முறை, முடிந்த வேகத்தில் செய்யுங்கள். ஆசிய நாடுகளுக்கான 2019 வரையறைப்படி 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கால் வலு குறைந்திருக்கிறது. கைப்பிடி வலுவை அளக்கும் கருவி கிடைத்தால் ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருப்பது எச்சரிக்கை. "உடல் கொழுப்பு சதவீதம்" காட்டும் மின்தடைக் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை: அவற்றில் பல, காலில் தேங்கிய நீரைத் தசைக் கணக்கில் சேர்த்துவிடும். வீக்கம் இருப்பவர் அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் அதில் ஏறவே கூடாது.

உடற்பயிற்சி கிரியேட்டினினை ஏற்றுமா? கடுமையான பயிற்சிக்கு மறுநாள் பரிசோதித்தால் ஏறித் தெரியலாம், சிறுநீர் அல்புமினும் ஒரு நாள்வரை கூடி இருக்கலாம். இது தற்காலிகம், கிட்னி கெட்டதாகாது. முறையாகச் செய்யும் பயிற்சி கிட்னியைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அதே நேரம் இஜிஎஃப்ஆரைத் தூக்கி நிறுத்தும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஆய்வுகளில் தெளிவாகத் தெரியும் பலன் நடைத்திறன், கால் வலு, ரத்த அழுத்தம், அன்றாட வேலைகளைச் செய்யும் தெம்பு ஆகியவற்றில்தான். இத்தாலியில் டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த 'எக்ஸைட்' ஆய்வில், வீட்டிலேயே செய்த எளிய நடைப்பயிற்சியால் 6 மாதத்தில் ஆறு நிமிட நடைத்தூரம் 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராகக் கூடியது. பயிற்சி செய்யாத குழுவில் மாற்றம் இல்லை.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பல வருடம் சும்மா இருந்தவர் முதல் நாளே நூறு உட்கார்ந்தெழுதல் போட்டால் தசை நார்கள் சிதைந்து மயோகுளோபின் என்ற தசைப் புரதம் ரத்தத்தில் கொட்டும். அது கிட்னிக் குழாய்களை அடைத்துப் பாழாக்கும். ஓரிரு நாளில் தொடை வீங்கி, தாங்காத வலியோடு சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். இரண்டாவது ஆபத்து, பயிற்சி வலிக்கென்று போடும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள். ரத்த அழுத்தத்துக்கு ஏசிஇ தடுப்பானோ ஏஆர்பி வகையோ, கூடவே சிறுநீர் பெருக்கியும் எடுப்பவர் இவற்றையும் போட்டால் கிட்னிக்கு ரத்த ஓட்டம் சட்டென்று சரியும். பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சர்வதேச சிறுநீரக வழிகாட்டுக் குழுவான கேடிஐஜிஓ 2024-இல் சொன்ன இலக்கு, வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது இதயம் தாங்கும் அளவு. முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் 10 நிமிடம் நடங்கள், வாரம் 5 நாள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை ஒரு நடைக்கு 2 அல்லது 3 நிமிடம் கூட்டுங்கள். ஏறத்தாழ ஐந்தாம் வாரத்தில் நாளுக்கு 30 நிமிடம் வந்துவிடும். பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு நாடித்துடிப்பு உயராது, அதனால் கைக்கடிகாரம் காட்டும் இலக்கைத் துரத்தவேண்டாம். பேச்சு வரவேண்டும், பாட்டு வரக்கூடாது. அந்த வேகம் சரியானது. முடிக்கும்போது சட்டென்று நிற்காமல் 5 நிமிடம் மெதுவாக நடந்து ஓயுங்கள். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்குத் தலைசுற்றல் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. வாரம் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு, தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். நாற்காலியிலிருந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், குதிகால் உயர்த்தல், ரப்பர் பட்டையைத் தன் பக்கம் இழுத்தல், சிறு எடையைத் தோளுக்கு மேலே தூக்குதல் ஆகிய ஐந்தும் போதும். ஒவ்வொன்றும் 10 முதல் 12 தடவை, முதல் மாதம் ஒரு சுற்று, பிறகு இரண்டு. "இன்னும் இரண்டு மூன்று செய்யமுடியும்" என்ற நிலையில் நிறுத்துங்கள். 15 தடவை எளிதாக வந்தால் மட்டும் கனத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். நாற்காலிப் பயிற்சியில் பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து வையுங்கள். உடலை முன்னே சாய்த்து மூக்கு முழங்காலைத் தாண்டியதும் எழுங்கள். எழுவது ஒரு நொடி, உட்காருவது மூன்று நொடி. பலன் பெரிதும் அந்த மெதுவான இறக்கத்தில்தான் இருக்கிறது, பலரும் அங்கேதான் தொப்பென்று விழுவார்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்து முக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்தவருக்கு அது கண்ணுக்குள் ரத்தக்கசிவில் முடியலாம்.

சாப்பாட்டில் முதல் தவறு புரதம். ஜிம்மில் கிலோவுக்கு 2 கிராம் என்பார்கள். 86 கிலோவுக்கு அது 172 கிராம். மூன்றாம் நிலையிலிருந்து ஐந்தாம் நிலைவரை, டயாலிசிஸ் இல்லாதவருக்குப் பரிந்துரை கிலோவுக்கு 0.8 கிராம். நோய் முற்றும் வாய்ப்புள்ளவர் 1.3 கிராமைத் தாண்டக்கூடாது. பருமனானவருக்கு இதை முழு எடைக்கும் கணக்கிட்டால் கூடிவிடும். உங்கள் உயரத்துக்கு 70 கிலோ என்று வைத்தால் நாளுக்கு 56 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், புரதப் பொடி ஒரு கரண்டியில் 20-க்கு மேல். பொடி தேவையில்லை என்பது இதிலேயே புரியும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: பயந்துபோய்ப் புரதத்தை 30 கிராமுக்குக் குறைத்து, சோற்றையும் குறைப்பது. ஆற்றல் போதாவிட்டால் உடல் தன் தசையையே எரிக்கும். வயதாகித் தளர்ந்தவர்களுக்கு 0.8 என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தவேண்டியும் வரும்.

நாளுக்கு 500 கலோரி குறைத்தால் போதும், வாரம் அரைக் கிலோவுக்குள் இறங்கும். ஆறு மாதத்தில் 5 முதல் 10 சதவீதம், உங்களுக்கு 4 முதல் 8 கிலோ. இதற்குமேல் அவசரப்பட்டால் தசை போகும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், கிட்னி குறைந்தவருக்கு அது இதயத் துடிப்பையே நிறுத்தவல்லது. கிரியேட்டின் பொடி கிரியேட்டினின் எண்ணைக் குழப்பும், தேவையில்லை. மாவுச்சத்தை ஒதுக்கிவிட்டு இறைச்சியும் முட்டையுமாகச் சாப்பிடும் முறையும் உங்களுக்கு ஏற்றதல்ல.

மருந்துகளில் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை கிட்னியைக் காப்பதோடு எடையையும் ஓரளவு குறைக்கும். செமாக்ளூடைடு ஊசி, இரண்டாம் வகைச் சர்க்கரையும் கிட்னி நோயும் உள்ள 3,533 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான 'ஃப்ளோ' ஆய்வில், பெரிய கிட்னிப் பாதிப்புகளை 24 சதவீதம் குறைத்தது. ஆனால் அதில் இறங்கும் எடையில் ஒரு பங்கு தசை, எனவே தசைக்கு வலுவூட்டும் பயிற்சி இல்லாமல் எடுக்காதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து உடல் வறண்டால் கிட்னி திடீரென்று சரியும். அந்த நாட்களில் சிறுநீர் பெருக்கி, ஏசிஇ தடுப்பான், டபாகிளிஃப்ளோசின் ஆகியவற்றில் எவற்றை நிறுத்திவைப்பது என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவையுங்கள். ஆர்லிஸ்டாட் மாத்திரையைத் தவிருங்கள். குடலில் கொழுப்பு உறிஞ்சப்படாமல் போனால் உணவிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பு அதிகம் உறிஞ்சப்பட்டுக் கிட்னியில் படியும். குடலைச் சுற்றுவழியாக இணைக்கும் எடைக்குறைப்பு அறுவையிலும் இதே பிரச்சினை உண்டு. எடை குறையக் குறைய ரத்த அழுத்தமும் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும். எழுந்து நிற்கும்போது கண் இருண்டால் மாத்திரை அளவை மாற்றும் நேரம் வந்துவிட்டது. இன்சுலின் போடுபவர்களுக்குத் தாழ்சர்க்கரை இன்னும் சீக்கிரம் வரும், ஏனென்றால் பழுதான கிட்னி இன்சுலினை மெதுவாகத்தான் வெளியேற்றுகிறது.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. புரதம் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் எடை குறைக்கும் முயற்சி வேண்டாம். அங்கே பெரிய கண்ணி உலர் எடை, அதாவது உடலில் மிகைநீர் இல்லாதபோது இருக்கவேண்டிய எடை; டயாலிசிஸில் அந்த எடை வரும்வரைதான் நீரை எடுப்பார்கள். சாப்பிடாமல் இரண்டு கிலோ சதை கரைந்தவருக்குப் பழைய உலர் எடையையே வைத்திருந்தால் அந்த இரண்டு கிலோவும் நீராக உள்ளேயே நிற்கும். ரத்த அழுத்தம் ஏறும், படுத்தால் மூச்சு முட்டும். பசி திரும்பிச் சதை போட்டவருக்கோ எடையை உயர்த்தாவிட்டால் அளவுக்கு மீறி நீரை எடுத்துத் தசைப்பிடிப்பும் மயக்கமும் வரும். டயாலிசிஸின்போது சைக்கிள் மிதிப்பதென்றால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், பிறகு அழுத்தம் சரியத் தொடங்கும். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலா ஆறிய பிறகு அந்தக் கையாலும் பயிற்சி செய்யலாம், ஆனால் அதன் மேல் கனத்தைத் தொங்கவிடுவதோ பட்டையைச் சுற்றி இறுக்குவதோ கூடாது. வயிற்று டயாலிசிஸ் எடுப்பவர்கள் திரவத்தை வெளியேற்றிவிட்டுப் பயிற்சி செய்யட்டும். நிரம்பிய வயிற்றோடு முக்கினால் குடலிறக்கமோ கசிவோ வரும்.

யாராக இருந்தாலும் நெஞ்சு வலி, காய்ச்சல், ஓய்விலேயே 180/110-க்கு மேல் ரத்த அழுத்தம், 6-ஐத் தாண்டிய பொட்டாசியம், புதிதாக வந்த கால் வீக்கம் அல்லது மூச்சுத்திணறல் இருந்தால் அன்று பயிற்சி கிடையாது. மருத்துவரைப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை வயிற்றுச் சுற்றளவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாற்காலிச் சோதனை. வயிறு குறைந்து நாற்காலி நேரமும் குறைந்தால் எடைக் கருவி என்ன சொன்னாலும் நீங்கள் போகும் வழி சரி. எடை இறங்கியும் வயிறு அப்படியே இருந்து, எழ அதிக நேரம் ஆனால் கரைவது தசை. கலோரிக் குறைப்பை நிறுத்திவிட்டு, பைகார்பனேட்டையும் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள், உணவியல் நிபுணரிடம் புரதக் கணக்கைச் சரிபாருங்கள். ரத்தம், சிறுநீர் கொடுக்கப் போவதற்கு முந்தைய நாள் எடை தூக்கும் பயிற்சி வேண்டாம், சமைத்த இறைச்சியும் நிறைய வேண்டாம். இரண்டும் கிரியேட்டினினை ஏற்றிக் காட்டும், பிறகு நண்பர் சொன்னதுதான் சரியோ என்று நீங்களே நினைப்பீர்கள்.